ஹெச்டிக்கு 'உயர் வரையறை' வேண்டாமே

வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்காகக் கோத்தகிரி நண்பர், படம் பதியும் ப்ளூ-ரே வட்டுக்கு 'நீலக்கதிர் வட்டு' என்றும், ஹெச்டிக்கு (ஹை டெஃபனிஷன்) 'உயர் வரையறை' என்றும் எழுதியிருந்தார். முதலில் நீலக்கதிர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பொருந்தாது. அதோடு மல்லுக்கட்டித் தோற்ற ஹெச்டி டிவிடியிலும் அதே 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர்தான், அப்போ அதுவும் நீலக்கதிர் வட்டுதானே? இரண்டையும் பிரித்தது கதிரின் நிறமல்ல. ஹெச்டி டிவிடியில் தரவு, பழைய டிவிடி மாதிரியே 0.6 மி.மீ. ஆழத்தில் கிடக்கும், ப்ளூ-ரேயில் 0.1 மி.மீ. ஆழம்தான், கூடவே லென்ஸும் கதிரை இன்னும் சின்னப் புள்ளியாகக் குவிப்பதால் ஓர் அடுக்கில் 25 ஜிபி பிடிக்கும், மற்றதில் 15தான். அவ்வளவு மெல்லிய தோலில் கீறல் விழுந்தால் போச்சு என்று மேலே கெட்டியான பூச்சு வேறு. (நம் குன்னூர் ஈரத்துக்கு எந்தப் பூச்சும் பத்தாது, இரண்டிலும் பூஞ்சை பிடிக்கும்.)

மேலும் ப்ளூ-ரே என்பது வணிகப் பெயர். ஊர்ப்பெயர் போல அப்படியே விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் பொதுவான சொல். 2008 பிப்ரவரியில் தோஷிபா கைவிட்ட ஹெச்டி டிவிடிக்கு எதற்குச் சொல் என்று ஒருவர் கேட்டிருந்தார். வட்டு போனாலும் ஹெச்டி என்கிற பேச்சு டிவி, கேமரா, செல்போன் என்று எல்லா இடத்திலும் இருக்கிறதே.

அங்கேதான் 'உயர் வரையறை' உறுத்துகிறது. டெஃபனிஷனுக்கு அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிய சொல் அது. வரையறை என்றால் இலக்கணம், எல்லை. டிவி படத்தின் கிடைமட்ட வரிகள் 576இலிருந்து 1080 ஆனதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? மஞ்சு விலகின காலையில் "இன்னிக்கு மலை துலக்கமா தெரியுது" என்கிறோமே, அந்தத் துலக்கம்தான் இங்கே பொருள். முன்னால் 'மீ' (மிக மேலான) சேர்த்து 'மீத்துலக்கம்' என்று வைக்கலாமா?

அப்புறம் பிளேயர். 'இயக்கி' ஏற்கெனவே கணினியின் டிரைவர் மென்பொருளுக்குப் போய்விட்டது. படம் 'ஓட்டுறது' என்றுதானே சொல்கிறோம், அதனால் 'வட்டோட்டி'. 2007இல் எல்ஜி இரண்டு வட்டையும் ஓட்டும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தது, அதை 'இருவகை வட்டோட்டி' எனலாம். 'இருமுறை' என்றால் ரெண்டு தடவை என்றாகிவிடும்.

கோத்தகிரியிலிருந்து பதில்:

நீலக்கதிரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், துலக்கமும் பிடித்திருக்கிறது. ஆனால் 'மீ'யை இப்போதே செலவழித்துவிட்டால் ஹெச்டியையும் தாண்டி 2016இல் வந்த அல்ட்ரா ஹெச்டி ப்ளூ-ரேக்கு என்ன செய்வீர்கள்? அதிமீத்துலக்கமா? வாயில் நுழையுமா அண்ணே?

குன்னூரிலிருந்து:

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஹெச்டிக்கு 'உயர்துலக்கம்', அல்ட்ராவுக்கு 'மீத்துலக்கம்'. வட்டோட்டிக்கு யாருக்காவது மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.