பொருள்: நிறுவியில் "ரிமூவபிள் மீடியா பாத்", தமிழில் என்ன?

நிறுவியின் சரங்களை (திரையில் வரும் வாசகங்களை) மொழிபெயர்த்து முடிக்க வெள்ளிக்கிழமை கெடு. டெபியன் லினக்ஸின் நிறுவி கேட்கும் ஒரு கேள்வியில் நிற்கிறோம்: கிரப்பை (இயங்குதளத்தை எழுப்பும் ஏற்றி) ஈஎஃப்ஐ (கணினி எழும் முறைக்கான தரம்) ரிமூவபிள் மீடியா பாதையிலும் கூடுதலாக நிறுவவா? "நீக்கத்தகு ஊடகப் பாதை" என்று போட்டால், ஏதோ பென்டிரைவ் சங்கதி என்று நினைத்துப் பயனர் "வேண்டாம்" கொடுத்துவிடுவார்.

நடப்பது வேறு. நிறுவி வழக்கமாக ஈஎஸ்பி பகிர்வில் (வட்டில் ஏற்றிகளுக்கென்று உள்ள பகுதி) தன் பெயரில் அடைவு போட்டு, ஏற்றியை அதில் வைத்து, என்விராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) ஏற்றி இருக்கும் இடத்தைச் சொல்லும் ஒரு பதிவு எழுதும். சில ஃபர்ம்வேர்கள் (கணினிக்குள்ளேயே பதிந்து, அதை எழுப்பும் மென்பொருள்) அந்தப் பதிவைத் தொலைத்துவிடும். சில மதிப்பதே இல்லை. அப்போது அவை தேடிப் போவது \ஈஎஃப்ஐ\பூட்\பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ. அங்கே நகல் இருந்தால் கணினி எழும்.

---

> நீக்கத்தகு ஊடகப் பாதை

"ஏமப் பாதை" என்போம். ஏமம் என்றால் காவல். நாட்டுக்கு அணி என்று குறள் எண்ணும் ஐந்தில் ஏமமும் ஒன்று. சேமம் வடசொல் என்பார்கள். ஏமத்தின் முன்னே சகரம் ஒட்டி வந்ததுதான் சேமம் என்பது என் கட்சி. விரித்து எழுதவா?

---

வேண்டாம் ஐயா, வெள்ளிக்கிழமை கெடு. ஏமப் பாதையை ஏமாற்றுப் பாதை என்று படிப்பார்கள். "மாற்றுத் துவக்குப் பாதை" போதும்.

---

> துவக்கு

எங்கட பக்கம் துவக்கு எண்டால் சுடுற சாமான். "தொடக்கு" எண்டு திருத்தினால் தீட்டு. "புகல் பாதை" எண்டு வையுங்கோ: வேற போக்கில்லாமல் ஃபர்ம்வேர் போற இடம்.

---

புகலுதல் என்றால் சொல்லுதலும்தான். ஆனாலும் ஏமத்துக்கு இது மேல்.

பெயர் எதுவானாலும் விளக்க வரியை விடாதீர்கள். விண்டோஸும் தன் ஏற்றியின் நகலை அதே இடத்தில் வைக்கும். கேட்காமல் மேலெழுதக் கூடாது. செக்யூர் பூட் (கையொப்பம் சரியான நிரலை மட்டும் எழவிடும் ஏற்பாடு) இருந்தால் கிரப்பை மட்டும் அங்கே வைத்துப் பயனில்லை, கையொப்பச் சோதனையில் விழும். ஷிம் (கையொப்பம் பெற்ற சிறு முன்-ஏற்றி) அந்தப் பெயரில் இருக்க வேண்டும், கிரப் அதன் பக்கத்தில். நிறுவி எழுதுவோருக்கும் ஒன்று: ஈஎஸ்பியின் கோப்பு முறைமையான ஃபேட்டில் ஜர்னல் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது. முதலில் இடம் இருக்கிறதா பாருங்கள், விண்டோஸ் போட்ட ஈஎஸ்பி பெரும்பாலும் 100 எம்பிதான். தற்காலிகப் பெயரில் எழுதி, எஃப்சிங்க் (தரவை வட்டிலேயே எழுதிவிடச் சொல்லும் கட்டளை) கொடுத்து, பிறகு பெயர் மாற்றுங்கள். நேரடியாக மேலெழுதும்போது மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

---

புகலுக்கு மூவர், மாற்றுக்கு ஒருவர். "புகல் பாதை" என்றே ஏற்றுகிறேன். விளக்க வரியில் கோப்புப் பெயரும் வரும்.

---

ஏற்றுங்கள். சேமம் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.