எறும்புக்குப் பெரிய ‘ற’, எருமைக்குச் சின்ன ‘ர’

என் மகளுக்கு நாலு வயது முடிந்ததும் எழுத்துப் படம் போட்ட சார்ட்டு ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டினோம். அ அணில், ஆ ஆடு என்று ஒரே வாரத்தில் மடமடவென்று ஒப்பித்தாள். வீட்டில் எல்லோருக்கும் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, எதிரே கடைப் பலகையில் இருந்த ‘அ’வைக் காட்டி “இது என்ன பாப்பா?” என்றேன். “அணில்” என்றாள். “அணில் எங்கே இருக்கு?” என்று கேட்டதும் பேந்தப் பேந்த விழித்தாள். வீட்டுக்கு வந்து சார்ட்டில் படங்களைக் கையால் மறைத்துக் கேட்டுப் பார்த்தேன். பாதி எழுத்து தெரியவில்லை. அத்தனை நாளும் பிள்ளை படித்தது படத்தைத்தான்.

சார்ட்டைக் கழற்றி வைத்துவிட்டேன். நாங்கள் இருப்பது தேனிப் பக்கம். ஒட்டகத்தை அவள் பார்த்ததே கிடையாது. ஆடும் கோழியும் ஓணானும் வாசலிலேயே திரிகின்றன. அவள் கண்ணால் பார்க்கும் உயிர்களை மட்டும் எடுத்துக்கொண்டோம், நாளைக்கு ஒன்று. முதலில் பார்ப்பது, பெயரை இழுத்துச் சொல்வது, அப்புறம் முறத்தில் பரப்பிய அரிசியில் அந்த எழுத்தை விரலால் எழுதுவது. ‘ஈ’ சுலபமாக முடிந்தது, பூச்சியின் பெயரே எழுத்தாக இருக்கிறதே. ‘ஆ’ என்றால் பசு என்று அப்பத்தா சொன்னதும் அதையும் சேர்த்துக்கொண்டாள்.

வேலியில் ஓணான் தலையாட்டிக்கொண்டிருந்த அன்று “ஓஓஓணான்” என்று இழுத்துச் சொல்லி ‘ஓ’ எழுதிக் காட்டினேன். ‘ஒ’ அவளுக்கு முன்பே தெரியும். கொஞ்ச நேரம் அரிசியையே பார்த்தவள், “அம்மா, ஒ-வுக்கு வால் முளைச்சிருச்சு” என்றாள். கீழே இருக்கும் அந்தச் சுழியை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. அதற்கப்புறம் ஒ, ஓ அவளுக்கு மாறவே இல்லை.

உயிரெழுத்து முடிந்ததும் வேறொரு சிக்கல் வந்தது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன இந்த எட்டிலும் தமிழ்ச் சொல் தொடங்காது. ‘ரயில்’, ‘லட்டு’ என்று வேற்றுமொழிச் சொல்லைத்தான் தேட வேண்டும். ஆனால் நடுவில் தேடினால் வீட்டைச் சுற்றியே கிடைக்கிறது. சுவரில் பல்லி, மழைக்கு வந்த தவளை, குப்பையைக் கிளறும் கோழி: ல, ள, ழ மூன்றும் ஆயிற்று. எங்கள் பக்கம் கோழியைப் பலரும் ‘கோளி’ என்றுதான் சொல்வோம். காதால் பிரித்துக்கொள்ள முடியாத பிள்ளைக்குக் கண் பழக வேண்டும். காதும் பழகட்டும் என்று கோழிக்குத் தீனி போடும்போதெல்லாம் நாக்கை மடித்து ‘ழி’ என்று அழுத்திச் சொல்லுவேன். அவளும் சொல்லிப் பார்ப்பாள், சில நாள் வரும், சில நாள் வராது.

ர, ற இரண்டும்தான் எங்களைப் படாத பாடு படுத்தின. ஒருநாள் எறும்பு, எருமை இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் போட்டேன். “எறும்புல வர்றது பெரிய ற, எருமைல வர்றது சின்ன ர” என்றதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “எருமைதானே பெருசு! அதுக்கு ஏன் சின்னது?” கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சரி, எறும்பு பாவம், அது பெரியதாக வைத்துக்கொள்ளட்டும் என்றேன். அந்த நியாயம் பிடித்துப்போயிற்று. இப்போது எங்கே எறும்பைப் பார்த்தாலும், குனிந்து “உனக்குப் பெரிய ற” என்று சொல்லிவிட்டுத்தான் நகர்கிறாள்.

போன மாதம் அப்பத்தா சிலேட்டில் ‘யானை’ எழுதிக் கொடுத்தார். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பே படித்தவர், அதனால் பழைய ‘னை’. எழுத்துக்கு முன்னால் தும்பிக்கை மாதிரி வளைவு ஒன்று நிற்கும். “தும்பிக்கை!” என்று குதித்தாள். இப்போது அப்படி எழுதுவதில்லை, பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி சொல்லித் தருவார்கள் என்று புதிய ‘னை’யைப் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் சிலேட்டை அப்பத்தாவிடமே நீட்டி, “அந்த யானையை இன்னொரு தடவை எழுதுங்க” என்றாள்.