புதுப்பிப்பு: கொரியப் பாட்டி தெற்கே வந்த கதை

என் கணவரின் பாட்டி லாஸ் ஏஞ்சலிஸில் காலமானதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். வடக்கே பிறந்தவர் தென்கொரியாவுக்கு எப்படி வந்தார் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 49ஆம் நாள் சடங்கு முடிந்த பிறகு மாமியார் உட்கார்ந்து எல்லாம் சொன்னார்.

1950 டிசம்பர், கொரியப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். வடகொரியாவுக்கு ஆதரவாக வந்த சீனப் படைகள் நெருங்க, வடக்கே இருந்த ஹங்நாம் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய ஒரு லட்சம் பொதுமக்கள் கப்பலேறினார்கள். பாட்டி ஏறியது 'மெரிடித் விக்டரி' என்ற சரக்குக் கப்பலில். 12 பயணிகளுக்குத்தான் அதில் இடம். ஏற்றிக்கொண்டதோ சுமார் 14,000 பேரை! சோறு தண்ணீர் இல்லாமல், கடுங்குளிரில், சரக்கறையில் நெருக்கியடித்து நின்றபடியே தென்கொரியாவின் கோஜே தீவு வரை போனார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை, வழியில் ஐந்து குழந்தைகள் பிறந்தன என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஆனால் கூட்டத்தில் பாட்டியின் கையிலிருந்து அக்காவின் கை நழுவிவிட்டது.

அப்புறம் கல்யாணம், 1970களில் அமெரிக்கா, தையல் வேலை. போரில் பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைக்க, 1983இல் தென்கொரியாவின் கேபிஎஸ் தொலைக்காட்சி பல நாட்களில் மொத்தம் 453 மணி நேரம் நேரலை நடத்தியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. அக்கா வேறு கப்பலில் வந்திருப்பாள் என்று பாட்டி உறுதியாக நம்பினார். ஊரிலிருந்து வந்த அந்த நிகழ்ச்சியின் ஒளிநாடாக்களை இரவெல்லாம் பார்த்தாராம். அக்கா கிடைக்கவில்லை.

மாமியார் சொல்வதை இப்போது பதிவுசெய்து வருகிறேன். அடுத்து பாட்டி தையல் கூடத்தில் வேலை பார்த்த நாட்களைப் பற்றிக் கேட்கப்போகிறேன்.