உதவி: ஸ்டாக்டு ஏரியாவில் என் அடுக்குகளே தெரியவில்லை (எக்செல்)

தேன்கூடு: இந்திய மொபைல் சந்தை 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜினு படிப்படியா வளர்ந்ததைக் காட்ட எக்செல்ல ஸ்டாக்டு ஏரியா (ஒண்ணு மேல ஒண்ணா நிறப் பரப்புகளை அடுக்கிக் காட்டுற சார்ட்) போட்டேன். அடியில தட்டையா பெரிய நீலப் பட்டை ஒண்ணு வந்து உட்கார்ந்துக்குது. என் நாலு அடுக்கும் மேல நூல் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. நாளைக்குக் காலையில காட்டணும், யாராவது சொல்லுங்க.

கட்டம்கட்டி: டேட்டா கோடியிலயா, லட்சத்திலயா? முதல் நெடுவரிசையில என்ன இருக்கு? அதுக்குத் தலைப்பு போட்டிருக்கீங்களா?

சரவெடி: ஏரியாவே வேணாம். ஸ்மார்ட்ஆர்ட்ல ஸ்டாக்டு வென் இருக்கு, வட்டத்துக்குள்ள வட்டம். அஞ்சு நிமிஷ வேலை.

அச்சுக்கோடு: வட்டத்துல காலம் எந்தப் பக்கம் ஓடும்னும் சொல்லிட்டுப் போங்க. கேள்வியைப் படிச்சுட்டுப் பதில் எழுதுற பழக்கம் இங்க எப்போ வரும்னு தெரியல.

தேன்கூடு: கோடி. முதல் நெடுவரிசை தலைப்பு 'ஆண்டு'. கீழ 1995, 2008, 2012, 2016, 2022, 2024.

கட்டம்கட்டி: அதான் வினை. ஆண்டும் எண், சந்தாதாரரும் எண். தலைப்பும் இருக்கிறதால ஆண்டையும் எக்செல் ஒரு சீரிஸா, அதாவது வரைய வேண்டிய இன்னொரு அடுக்கா எடுத்துக்குது. 2000 உயரத்துக்கு ஒரு பட்டை, அதுக்கு மேல உங்க 115 கோடி. நூலாத்தான் தெரியும். 'ஆண்டு'ன்னு இருக்கிற செல்லைக் காலியாக்கிட்டு சார்ட்டைப் புதுசா போடுங்க. இல்லன்னா செலக்ட் டேட்டால அந்த சீரிஸை நீக்கிட்டு, வலதுபக்க எடிட்ல ஆண்டுகளைக் காட்டுங்க.

அச்சுக்கோடு: அதோட முடியாது. கீழ் அச்சு டெக்ஸ்ட் ஆக்சிஸா (ஆண்டை வெறும் பெயரா எடுத்துக்கிற அச்சு) இருந்தா 1995–2008க்கும் 2022–2024க்கும் ஒரே அகலம் விழும். 13 வருஷமும் 2 வருஷமும் ஒண்ணா? ஃபார்மேட் ஆக்சிஸ்ல டேட் ஆக்சிஸ் வைங்க.

தேன்கூடு: பட்டை போயிடுச்சு! ஆனா டேட் ஆக்சிஸ் வெச்சா எல்லா வருஷமும் 1905னு வருது??

கட்டம்கட்டி: 1995ங்கிறதை எக்செல் 1900லேர்ந்து எண்ணின நாளா எடுத்துக்குது, அது 1905 ஜூன்ல விழும். நம்பர் ஃபார்மேட்டை ஜெனரல் ஆக்குங்க, பேஸ் யூனிட் டேஸ்லயே இருக்கட்டும்.

இன்னொண்ணு: 5ஜி வந்தது 2022 அக்டோபர் 1. உங்க டேட்டால 2016க்கு அப்புறம் நேரா 2022, அதனால 5ஜி அடுக்கு 2016லேர்ந்தே சரிவா ஏறும். 2021க்கு ஒரு வரிசை சேர்த்து 5ஜிக்கு 0 போடுங்க. மத்த மூணுக்கும் அந்த வருஷத்துக் கணக்கைக் கட்டாயம் நிரப்புங்க. காலியா விட்டா ஏரியா சார்ட் அதைப் பூஜ்யமா வரையும், நடுவுல பள்ளம் விழும்.

சரவெடி: வளர்ச்சிக் கட்டம்னா ரோஜர்ஸ் வளைவு போடணும், புதுத் தொழில்நுட்பத்தை யார் முதல்ல, யார் கடைசியா எடுத்துக்கிறாங்கன்னு அஞ்சு குழுவா பிரிச்சுக் காட்டுறது. சதவீதத்துல 2.5, 13.5, 34, 34, 16.

அச்சுக்கோடு: அது ஒவ்வொரு கட்டத்துலயும் புதுசா வர்றவங்க பங்கு. ஸ்டாக்டு ஏரியால இருக்கிறது அந்தந்த வருஷத்து மொத்த இருப்பு. ஒப்பிடணும்னா 2.5, 16, 50, 84, 100னு கூட்டிக்கிட்டு வரணும். அதுவும் ஒரே தொழில்நுட்பத்துக்குத்தான். 4ஜிக்கு மாறினவர் 2ஜி அடுக்குலேர்ந்து கழிஞ்சுடுவாரே, அதை அந்த வளைவுல எங்க காட்டுவீங்க?

சரவெடி: ரெண்டு சிம் வெச்சிருக்கிறவர் ரெண்டு அடுக்குலயும் இருப்பாரு. அப்போ உங்க மொத்தமும் தப்புதான்.

அச்சுக்கோடு: டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கணக்கு இணைப்பு கணக்கு, தலை கணக்கு இல்ல. அச்சுல 'இணைப்புகள் (கோடி)'னு எழுதினா தப்பு எங்க?

கட்டம்கட்டி: தேன்கூடு, யார் என்ன சொன்னாலும் 100% ஸ்டாக்டு (ஒவ்வொரு வருஷத்து மொத்தத்தையும் 100%ஆ வெச்சுப் பங்கை மட்டும் காட்டுற சார்ட்) பக்கம் போயிடாதீங்க. 1995லயும் 2024லயும் உயரம் ஒண்ணாயிடும், சந்தை வளர்ந்ததே தெரியாது.

தேன்கூடு: 2021 வரிசை சேர்த்ததும் சரியாயிடுச்சு, நன்றி. ஸ்லைடுல ஒட்டினா கலர் மட்டும் மாறுது.

கட்டம்கட்டி: ஒட்டும்போது கீப் சோர்ஸ் ஃபார்மேட்டிங்.