பேட்டரியோட பதினஞ்சா, பேட்டரி இல்லாம பதினஞ்சா?

அருவங்காட்டார்:
போன வாரம் இங்க ஒரு மகான் எழுதியிருந்தார்: "அறுபது தாண்டினவங்க எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கறப்ப எடையே பார்க்க வேண்டாம், மோட்டார் இழுத்துக்கும்." படிச்சதுல இருந்து வயிறு எரியுது. எனக்கு 67 வயசு, வலது முட்டி தேய்மானம். வீடு ரோட்டுக்குக் கீழ 42 படி. மோட்டார் படியேறுமா? கோயம்புத்தூர்ல ஒரு கடையில "லைட் வெயிட் சார், 15 கிலோதான்"னு தலையில கட்டிட்டான். தேயிலைக் கொழுந்து எடை போடற பக்கத்து லீஃப் ஷெட்ல, கொழுந்துத் தராசுல மாட்டிப் பார்த்தேன். 18.4. போன் போட்டா "அது பேட்டரி இல்லாம சார்"ங்கறான். பேட்டரி இல்லாத எலக்ட்ரிக் சைக்கிளுக்குப் பேரு சைக்கிள்.

மலைரயில்:
அந்த மகான் நான்தான், வணக்கம். நான் எழுதினது ஓட்டறதைப் பத்தி, தூக்கறதைப் பத்தி இல்லை. கணக்குப் போடுவோம். ஆள் 72 கிலோ, சைக்கிள் 16. மொத்தம் 88. சைக்கிள் 23ன்னா 95. குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு உயர வித்தியாசம் சுமார் 390 மீட்டர். அவ்வளவு உயரம் தூக்க மட்டும் முன்னதுக்கு 93 வாட் ஹவர் மின்சாரம், பின்னதுக்கு 101. மோட்டார்ல வீணாகறதைச் சேர்த்தாலும் வித்தியாசம் பத்தைச் சுத்தித்தான் வரும். 36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் பேட்டரியில 360 இருக்கு. இந்தப் பத்தை மிச்சம் பிடிக்கவா லேசான சைக்கிளுக்குக் காசைக் கொட்டறது?

அருவங்காட்டார்:
அந்த 23 பேட்டரியோடவா, இல்லாமலா?

கோத்தகிரிக் குளிர்:
ரெண்டு பேருமே ஏத்தத்துல ஓட்டினதில்லைன்னு தெரியுது. எடையை விடுங்க, மோட்டார் எங்க இருக்குன்னு பாருங்க. சக்கரத்துக்குள்ள இருக்கற ஹப் மோட்டார் செங்குத்துல மெதுவா சுத்தறப்ப நிறையக் கரண்ட்டைச் சூடாவே வீணாக்கிடும். பெடல் அச்சுல இருக்கற மிட் டிரைவ்ன்னா நம்ம கியரையே அதுவும் பயன்படுத்திக்கும். சின்ன கியர் போட்டா மோட்டாரும் சுகமா சுத்தும். முட்டி வலிக்காரங்களுக்கு அதுதான்.

அருவங்காட்டார்:
ஓட்டினதில்லையா? தம்பி, 1979ல ஹெர்குலஸ் சைக்கிள்ல, கியரும் கிடையாது மோட்டாரும் கிடையாது, மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏறினவன் நான். 14 கொண்டை ஊசி வளைவு.

கோத்தகிரிக் குளிர்:
ஏறினீங்களா, உருட்டினீங்களா?

அருவங்காட்டார்:
பர்லியார் வரைக்கும் மிதிச்சேன். அப்புறம் எல்லாரும் பண்றதைத்தான் பண்ணினேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? 18.4 கிலோவுக்குப் பதில் சொல்லுங்க.

டீச்சர் வெலிங்டன்:
எனக்கு 63. இடுப்பு வலி, காலைத் தூக்கிப் போட முடியாது. குறுக்குக் கம்பி தாழ்ந்த ஃப்ரேம் வேணும். மார்க்கெட் போய்வரத்தான். இறக்கத்துல பிரேக் பிடிச்சுப் பிடிச்சு விரல் வலிக்குது, எண்ணெய் அழுத்தத்துல பிடிக்கற ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் போட்டா தேவலையா? யாராவது சொல்லுங்களேன்.

சமவெளி:
மேட்டுப்பாளையத்துல இருந்து எழுதறேனுங்க. எதுக்கு இவ்வளவு சண்டை? இறக்கத்துல வர்றப்ப பேட்டரி தானா சார்ஜ் ஆயிடுமே.

கோத்தகிரிக் குளிர்:
யாரு சொன்னது? சின்ன ஹப் மோட்டார் பலதுக்கும் உள்ள ஃப்ரீவீல் இருக்கு. இறக்கத்துல சக்கரம் சுத்தும், மோட்டார் சும்மா கிடக்கும். மிட் டிரைவ்லயும் நீங்க மிதிக்கலைன்னா செயினே நகராது. அப்புறம் எங்க சார்ஜ்?

சமவெளி:
என் மச்சான் வண்டியில ஆகுதுங்க.

கோத்தகிரிக் குளிர்:
மச்சான் வெச்சிருக்கறது ஸ்கூட்டர்.

மலைரயில்:
எடை எடைன்னு குதிக்கறவங்களுக்கு ஒண்ணு. கல்லாறுல இருந்து குன்னூர் வரை நம்ம ஊட்டி மலை ரயில் செங்குத்தான இடத்துல 12.5 அடி போனா ஒரு அடி ஏறுது. பல்சக்கரம் பிடிச்சு ஏறுது. எத்தனை டன் என்ஜின்! எவனாவது எடை கேட்டானா?

அருவங்காட்டார்:
ரயிலை யாரும் 42 படி தூக்கிட்டுப் போகலை.

மலைரயில்:
அப்ப பேட்டரியைக் கழட்டித் தனியா கொண்டுபோங்க. ரெண்டு நடை. பனிக்காலத்துல அதை வெளிய விடவும் கூடாது, உறைபனியில சார்ஜ் போட்டா செல் கெட்டுப்போகும். எப்படியும் வீட்டுக்குள்ள வெச்சுத்தானே ஆகணும்?

அருவங்காட்டார்:
ஆக, கழட்டினாத்தான் 15ன்னு ஒத்துக்கறீங்க.

மலைரயில்:
நான் எதையும் ஒத்துக்கலை. உங்க தராசையே நம்பலை. கொழுந்துக்கு ஈரம்னு கிலோ கழிக்கற தராசுதானே அது?

அருவங்காட்டார்:
அந்தக் கழிவைப் பத்திச் சின்ன விவசாயிகிட்டப் பேசாதீங்க. முப்பது வருஷமா மழை நாள்ல மூட்டைக்கு மூட்டை கழிச்சு, மிச்சத்துக்குக் காசு வாங்கின குடும்பம். அந்தத் தராசு குறைச்சுத்தான் காட்டும். அப்படின்னா சைக்கிள் 18.4க்கும் மேல!

சமவெளி:
500 வாட்ல வாங்கிட்டா பிரச்சினையே இல்லைங்களே?

கோத்தகிரிக் குளிர்:
250 வாட்டுக்குக் கீழ, வேகம் 25 கிலோமீட்டருக்குள்ள இருந்தாத்தான் லைசென்ஸ், நம்பர் பிளேட் வேண்டியதில்லை. தாண்டினா அது மோட்டார் வண்டி. ஏற்கெனவே உங்க ஊர் காரெல்லாம் இங்கதான் நிக்குது, இப்ப இது வேறயா?

சமவெளி:
எங்க ஊர் காரை நம்பித்தானே உங்க ஊர் வர்க்கி விக்குது.

கோத்தகிரிக் குளிர்:
வர்க்கி ஊட்டிக்காரங்க சமாச்சாரம்.

டீச்சர் வெலிங்டன்:
குறுக்குக் கம்பி பத்திக் கேட்டிருந்தேன்.

அருவங்காட்டார்:
டீச்சர், எந்த ஃப்ரேம் வாங்கினாலும் கடைக்காரன்கிட்ட முதல் கேள்வி: பேட்டரியோடவா, இல்லாமலா?

மலைரயில்:
சரி அண்ணா, ஞாயித்துக்கிழமை நானே நேர்ல வந்து எடை போடறேன். என் கண் முன்னால, கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு, பெல் எல்லாம் கழட்டிட்டு.

அருவங்காட்டார்:
பெல்லைக் கழட்டிட்டு வளைவுல காட்டெருமை நின்னா கை தட்டவா? எதுவும் கழட்ட மாட்டேன். ஞாயிறு ஷெட் பூட்டியிருக்கும், திங்கள் வாங்க. வர்றப்ப போன வருஷம் இரவல் வாங்கிட்டுப் போன என் காத்துப் பம்ப்பையும் கொண்டு வாங்க.