ஆற்றோரத்து ஷூ கம்பெனிக் கட்டடம்

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம், ஸலாம்.

ஆம்பூரில் பாலாற்றோரம் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம் என்று, இங்கே சிங்கப்பூரில் பிடோக்கில் இருக்கும் தம்பி நம் சங்கத்துக்கு எழுதியிருந்தார். "பழைய ஷூ கம்பெனிதானே, போகட்டும்" என்று அதற்கு ஒரு பதில். ஷூ கம்பெனியானது பிற்பாடு. கட்டும்போது அது தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடும் பட்டறை.

மாடி ஜன்னல்களை நினைவிருக்கிறதா? கண்ணாடி கிடையாது, சாய்த்து அடித்த மரப்பலகைகள்தான். பதனிட்ட தோலை வெயிலில் போட்டால் விறைத்துப்போகும். நிழலில், காற்றில் மெதுவாகக் காயவேண்டும். பிறகு தையல் மிஷின் வந்தபோது அந்த நிழலே தொல்லையாகி, பட்டப்பகலில் டியூப் லைட் போட்டார்கள். கீழே சிமெண்ட் தரை அங்கங்கே வேறு நிறமாக இருக்கும். அடியில் இருப்பது தோலை ஊறவைத்த சுண்ணாம்புக் குழியும் ஆவாரம்பட்டைக் குழியும். மண் கொட்டி மூடி, மேலே கட்டிங் டேபிள் போட்டுவிட்டார்கள்.

இந்த மாற்றம் டெல்லியில் தொடங்கியது. அதுவரை நம்மூர்த் தோல் பாதிப் பதத்திலேயே மெட்ராஸில் கப்பல் ஏறும். அதை முழுத்தோலாக்கி ஷூ தைத்து விற்கிற லாபம் ஐரோப்பாக்காரனுக்கு. 1970களில் சீதாராமையா கமிட்டி சொன்னதன் பேரில் மத்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியை நிறுத்தி, பாதிப் பதத் தோலுக்கும் கட்டுப்பாடு வைத்தது. அதன்பிறகே முழுத்தோல், அப்பர் (ஷூவின் மேல்பாகம்), ஷூ என்று நம்மவர்கள் ஒவ்வொரு படியாக ஏறினார்கள். பேரணாம்பட்டுப் பக்கத்துக் கிராமப் பெண்கள் கம்பெனி வண்டி ஏறியதும் அதனால்தான். இங்கே ஆர்ச்சர்ட் ரோட்டுக் கடைகளில் எந்த ஷூவை எடுத்தாலும் 'மேட் இன் இந்தியா' இருக்கிறதா என்று நான் புரட்டிப் பார்ப்பேன். வீட்டுக்காரி முன்னால் நடந்துவிடுவாள்.

பெருமை பேசிவிட்டு, தோல் கழிவால் கெட்ட ஆற்றை மறைக்கக் கூடாது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதற்காக நம் பக்கத்துத் தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. தோல் பட்டறைப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானதாக ஓர் ஆய்வை அந்தத் தீர்ப்பே எடுத்துக் காட்டுகிறது. எங்கள் தாத்தாவின் கிணற்றுத் தண்ணீரை மாடுகூடக் குடிக்காது.

கட்டடத்தைக் காப்பாற்றும் பலம் நம் சங்கத்துக்கு இல்லை. பள்ளி விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் அனுமதி கேட்டு உள்ளே போய்ப் படம் எடுத்து வாருங்கள். முகப்பு வேண்டாம், அது எல்லோரிடமும் இருக்கிறது. மாடிப் பலகைகளும் கீழ்த்தரையும்தான் தேவை. அங்கே வேலை பார்த்த அம்மா, அத்தைமாரிடம் பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை இங்கே தேக்கா கடைத்தெருவுக்கு வரும்போது கொடுங்கள். ஸ்கேன் செய்து மறுவாரம் திருப்பித் தருகிறேன்.