155 கிராம் டிஸ்ட்ராயர் டிஸ்க் எதிர்காற்றில் வலப்பக்கம் சாய்ந்து விழுகிறது, என்ன செய்யலாம்?

சமவெளி:
வணக்கம். கன்சாஸில் எம்போரியா பக்கம் டிஸ்க் கால்ஃப் (தட்டை எறிந்து கூடையில் சேர்க்கும் ஆட்டம்) ஆடுகிறேன். வலக்கை, பேக்ஹேண்ட் (உடலுக்குக் குறுக்கே கையை இழுத்து எறிவது). இன்னோவா நிறுவனத்தின் டிஸ்ட்ராயர் (தொலைதூர எறிதலுக்கான டிஸ்க்) இரண்டு வைத்திருக்கிறேன்: ஸ்டார் பிளாஸ்டிக்கில் 175 கிராம், பிளிஸார்ட் பிளாஸ்டிக்கில் 155 கிராம். பறக்கும் விதத்தைச் சொல்லும் எண்கள் (வேகம், மிதப்பு, டர்ன், ஃபேட்) இரண்டுக்கும் ஒன்றுதான்: 12, 5, -1, 3. காற்று இல்லையென்றால் 155 நன்றாகப் போகிறது. 175 சீக்கிரமே இடப்பக்கம் இறங்கிவிடுகிறது. எதிர்காற்று என்றால் 155 பாதி வழியிலேயே வலப்பக்கம் சாய்ந்து, திரும்பாமல் தரையில் உருண்டு ஓடுகிறது. பின்காற்றில் 175 பொத்தென்று விழுகிறது. இங்கே காற்றில்லாத நாளே அபூர்வம். எடைதான் காரணமா, என் எறிதலா?

ஹைசர் பிரியன்:
எடையும் காரணம்தான், ஆனால் காற்றின் பங்கு அதைவிடப் பெரியது. நீங்கள் 90 கி.மீ. வேகத்தில் எறிவதாக வைத்துக்கொள்வோம். 25 கி.மீ. எதிர்காற்றில் டிஸ்க்மேல் படும் காற்றின் வேகம் 115. அதே அளவு பின்காற்றில் வெறும் 65. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும் என்பதால், ஒரே எறிதலுக்கு எதிர்காற்றில் கிடைக்கும் விசை பின்காற்றில் கிடைப்பதைப் போல மூன்று மடங்கு!

வேகமாகப் பறக்கையில் டிஸ்க்கைத் தூக்கும் விசை நடுப்புள்ளிக்குச் சற்றுப் பின்னால் விழுந்து, மூக்கை (முன்விளிம்பை) கீழே அழுத்தும். சுழலும் பொருள் என்பதால் அந்த அழுத்தம் 90 பாகை தள்ளி வலப்பக்கச் சாய்வாக வெளிப்படும். அதுதான் டர்ன். வேகம் குறைந்து டிஸ்க் இறங்கத் தொடங்கியதும் விசை முன்னால் நகர்ந்து மூக்கைத் தூக்கும், இடப்பக்கம் சாயும். அது ஃபேட். இந்தச் சாய்வைத் தடுத்து நிறுத்துவது சுழற்சி. ஒரே வேகத்தில் சுழன்றாலும் 155-இல் அந்த வலு ஏறத்தாழ 11 சதவீதம் குறைவு. ஆகவே சீக்கிரம் சாய்கிறது.

எதிர்காற்றுக்கு 175-ஐ எடுங்கள். தாழ்வாக, மூக்கைக் கீழே வைத்து, கொஞ்சம் ஹைசர் கோணத்தில் (இடவிளிம்பு தாழ்ந்த சாய்வில்) விடுங்கள். காற்று இன்னும் பலமாக இருந்தால் ஃபயர்பேர்ட் என்ற, எளிதில் வலப்பக்கம் சாயாத டிஸ்க் நம்பிக்கையானது. பின்காற்றில் 155-ஐ உயரமாக விடுங்கள். 2016-இல் நெவாடா பாலைவனத்தில் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் 338 மீட்டர் எறிந்தாரே, அதுவும் பலமான பின்காற்றின் துணையோடுதான்.

ஓரத்து மரம்:
மேலே சொன்னது சரி. ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். கையை விட்டதும் முதல் பத்து மீட்டரில் டிஸ்க் நடுங்குகிறதா? நடுங்கினால் எந்த எடையும் வலப்பக்கம்தான் போகும், எதிர்காற்று அதை இன்னும் பெரிதாக்கிக் காட்டும். பலத்தைக் கூட்டாதீர்கள். எதிர்காற்றைப் பார்த்ததும் எல்லாரும் இறுக்கி எறிவார்கள், அங்கேதான் கெடுகிறது. அப்புறம், பிளாஸ்டிக் வேறு என்பதால் விளிம்பும் மேல் வளைவும் சற்று மாறியிருக்கும்; எடையை மட்டும் ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். 175-ஐவிடக் கனமாகத் தேடினால் கிடைக்காது: விட்டத்தின் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம்தான் உச்ச வரம்பு, டிஸ்ட்ராயரின் விட்டம் 21.1 செ.மீ.

சமவெளி:
நன்றி இருவருக்கும். 155-இல் லேசான நடுக்கம் இருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன். 175-ஐத் தாழ்வாக விட்டதில் எதிர்காற்றிலும் நேராகவே போனது. பக்கக் காற்றுக்கு என்ன வழி?

ஹைசர் பிரியன்:
அடிவயிற்றைக் காற்றுக்குக் காட்டுகிறீர்களா, முதுகையா என்று பாருங்கள். வலமிருந்து காற்று வரும்போது இடப்பக்கம் சாய்ந்தால் அடிப்பக்கம் காற்றில் மாட்டி, டிஸ்க் எழும்பி இடப்பக்கம் வெகுதூரம் போய்விடும். இடமிருந்து வந்தால் அதே சாய்வில் மேற்பக்கத்தை அழுத்திச் சட்டென்று தரையில் இறக்கும். முதல் வகையில் கூடையின் வலப்பக்கம் தாராளமாக இடம் விட்டுக் குறிவையுங்கள். இரண்டிலுமே 155 பையில் இருக்கட்டும்.